சிறுநீரகத்தின் சிக்கனம்



பேச்சு வழக்கில் குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகங்கள் இரண்டும் முதுகெலும்பின் இருமருங்கிலும் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஒருவரது கைமுட்டி அளவினதே. ஆயினும், இதயம் செலுத்தும் குருதியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு இவற்றினூடாகவே பாய்கின்றது.

ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குக் குருதியிலிருந்து ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அவ்வளவும் வெளியேறுமாயின், குருதியின் நீர்ப்பகுதி அரைமணி நேரத்துள் வற்றிவிடும். ஆனால், வடிகளைத் தொடர்ந்துள்ள நுண்குழாய்கள் நீரையும் சர்க்கரையையும் வேண்டிய உப்புக்களையும் குருதிக்கே மீட்டளிக்கின்றன. எஞ்சும் ஒன்றரை லீற்றர் அளவான நீரே யூரியா முதலிய கழிவுகளைச் சுமந்து, இரு குழாய்களின் வழியே சலப்பையை அடைந்து, சிறுநீராக வெளியேறுகின்றது.

வடிகள் சில பழுதுற்றால், ஏனையவை அவற்றின் பணியையும் ஏற்றுக்கொள்ளும். நன்மையான இவ்வியல்பே ஆபத்துமாகின்றது. பெரும்பகுதி அழியும்வரை நோவோ வேறு குறியோ தோன்றாதிருக்கலாம். 1990களில் இலங்கையின் வடமத்திய மாகாணத்து உழவரிடையே இனங்காணப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோய், இவ்வாறே ஓசையின்றிப் பலரைப் பற்றியது. அதன் மூலகாரணம் இன்றும் ஐயந்திரிபறத் துணியப்படவில்லை.

ஆதலால், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ உடையோரும், அந்நோய் கண்ட பகுதிகளில் வாழ்வோரும், நோவு வரட்டும் என்று காத்திராது ஆண்டுதோறும் சிறுநீரையும் குருதியையும் சோதிப்பித்தல் வேண்டும். அழிந்த வடி மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவற்றைக் காப்பதே நம்மால் இயல்வது.