வேலையை விடாமல் எம்.ஏ.: தொழிற்சங்கத் தலைவருக்கு எதற்கு, எங்கே கிடைக்கும்?

மேஜையின் அந்தப் பக்கம் எம்.பி.ஏ. முடித்த ஹெச்.ஆர். மேலாளர். இந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்த சங்கச் செயலாளர். மேட்டூர் ஆலைகளிலிருந்து பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்கள் வரை சம்பளப் பேச்சுவார்த்தை என்றால் பெரும்பாலும் இப்படித்தான். அனுபவத்தில் செயலாளர் சளைத்தவர் இல்லை. ஆனால் ஆட்டத்தின் விதிகள் இப்போது மாறிவிட்டன.

அப்படி என்ன மாறியது?

29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக வந்த 4 சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அதில் சங்கங்களை நேரடியாகத் தொடுவது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020.

* எந்த நிறுவனமாக இருந்தாலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான்.
* பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேசும். அப்படி ஒன்று இல்லையென்றால், குறைந்தது 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு.
* ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் ஆலைகளின் அளவு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது.
* வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயம் போக முன்பு 3 ஆண்டு அவகாசம். இப்போது 2 ஆண்டுதான்.

கடைசி விஷயத்தைச் சங்கச் செயலாளர் தெரிந்துவைத்திருக்கவில்லை என்றால், ஒருவரின் வேலை கெடு தாண்டிப் போயே போய்விடும்.

அதற்குத்தான் வக்கீல் இருக்கிறாரே?

இங்கேதான் விஷயமே. சமரச அதிகாரி முன் நடக்கும் பேச்சுவார்த்தையில் வக்கீல் வாதாட முடியாது. பழைய 1947 சட்டத்திலும் அப்படித்தான், புதிய தொகுப்பிலும் அப்படித்தான். தீர்ப்பாயத்தில்கூட எதிர்த்தரப்பும் தீர்ப்பாயமும் சம்மதித்தால்தான் வக்கீல் வரலாம். ஆனால் பதிவுபெற்ற சங்கத்தின் நிர்வாகி, சட்டப் பட்டம் இல்லாமலேயே தொழிலாளிக்காகப் பேசலாம். சட்டம் அந்த நாற்காலியை அவருக்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

சட்டம் மட்டும் போதாது. 2019-ல் சேலம் உருக்காலையை விற்க மத்திய அரசு விருப்ப விண்ணப்பம் கோரியபோது ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்த மாதிரி நேரத்தில் கோஷத்தோடு, ஆலையின் வரவு செலவுக் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்கவும் ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் எங்கே படிக்கலாம்?

இந்தத் துறைக்கென்றே 1973-ல் தொடங்கப்பட்டது சென்னையில் உள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம். தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ., மாலை நேர முதுநிலைப் பட்டயம், வார இறுதிப் பட்டயம் என்று நடத்துகிறது. தொழிலாளர் நல அலுவலர் வேலைக்கு இந்தப் படிப்புகள் தகுதியாகக் கருதப்படுவதால், அந்த வேலையைக் குறிவைக்கும் இளைஞர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கி.மீ. ஷிப்ட் முடித்துவிட்டு மாலை வகுப்புக்கு எப்படிப் போவது?

1958 முதல் இயங்கும் மத்திய அரசின் தொழிலாளர் கல்வி வாரியமும் சங்கத்தினருக்குப் பயிற்சி தருகிறது. ஆனால் அவை குறுகிய காலப் பயிற்சிகள், பட்டம் அல்ல.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகம் வேலையில் இருக்கும் சங்கத் தலைவர்களுக்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு வைத்திருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை சுமார் 10 நாள் நேரில் வகுப்பு, மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே படிப்பு. வேலையையும் விட வேண்டாம், சங்கத்தையும் விட வேண்டாம்.

அவ்வளவு செலவு நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் குளோபல் லேபர் யுனிவர்சிட்டி இலவச ஆன்லைன் படிப்புகள் தருகிறது. இத்தாலியின் தூரின் நகரில் உள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பயிற்சி மையமும் சங்கத்தினருக்கு ஆன்லைன் வகுப்புகள் நடத்துகிறது. நம் நாட்டின் ஸ்வயம் தளத்தில் தொழில் உறவுகள், தொழிலாளர் சட்டம் பற்றி இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பிரச்சினை, இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதுதான்.

பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

1. அந்த ஆன்லைன் அல்லது தொலைநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது, படிப்பின் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும்.
2. முதுநிலைக்கு இளநிலைப் பட்டம் கட்டாயம். இல்லாதவர்கள் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அதை முடித்துக்கொள்ளலாம்.
3. பாடத்திட்டத்தில் புதிய 4 தொகுப்புகளும் வந்துவிட்டனவா? பழைய சட்டங்களையே நடத்துகிற படிப்பு என்றால் யோசியுங்கள்.
4. படிப்பு யாருக்கானது? பல ஹெச்.ஆர். படிப்புகள் தொழிலாளர்களை நிர்வகிக்கத்தான் சொல்லித்தரும், அவர்களுக்காகப் பேச அல்ல.

ஒரு யோசனையும் உண்டு. படித்தவர் நாளை பதவி உயர்வில் போய்விட்டால் சங்கம் மறுபடியும் வெறுங்கையோடு நிற்கும். அதனால் ஒருவரை மட்டும் அனுப்பாமல், சந்தாப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி இரண்டு மூன்று இளம் உறுப்பினர்களைச் சேர்ந்து படிக்க வையுங்கள். வாரம் ஒருநாள் சங்க அலுவலகத்தில் மற்றவர்களுக்குத் தமிழில் அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும். பட்டம் ஒருவர் பெயரில் இருந்தாலும் படிப்பு சங்கத்துக்குச் சேரும்.