மூச்சைக் கவனிக்கும் மாணவர். மாணவரைக் கவனிக்க யார்?

புது தில்லி: பல்கலைக்கழக மாணவர்களின் மன அழுத்தத்துக்கு மருந்தாக மூச்சுப் பயிற்சியும், தியானமும், 'மைண்ட்ஃபுல்னஸ்' எனப்படும் மனவிழிப்புப் பயிற்சியும் முன்வைக்கப்படுகின்றன. பயிற்சியை மாணவர் செய்துவிடலாம். ஆனால், பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அரசுகளின் முன் நிற்கிறது. ஆந்திரத்தில் எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பு, இந்தக் கேள்விக்குப் புதிய வேகம் அளித்துள்ளது.

இதன் முழுப் பரிமாணத்தையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால் சந்திரகிரி - திருப்பதி வட்டாரத்தைப் பார்த்தால் போதும். விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்று சந்திரகிரி. சென்னப்பட்டினத்தில் ஆங்கிலேயருக்கு இடம் கிடைத்த 1639-ஆம் ஆண்டு வரலாற்றோடு இணைத்துப் பேசப்படும் ஊர். இன்று அந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள வட்டாரம் கல்விக் கூடங்களால் நிறைந்திருக்கிறது.

நாடாளுமன்றம் தந்த நிறுவனங்கள்: திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954-லும், ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-லும் தொடங்கப்பட்டன. மாநிலம் பிரிக்கப்பட்டபோது நிறைவேற்றப்பட்ட 2014-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம், எஞ்சிய ஆந்திரத்துக்குத் தேசியக் கல்வி நிறுவனங்களை வாக்களித்தது. அதன்படி 2015-ல் திருப்பதிக்கு ஐ.ஐ.டி.யும், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தன. அங்கிருந்த ராஷ்ட்ரீய சம்ஸ்கிருத வித்யாபீடம், 2020-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது.

சந்திரகிரி சட்டப்பேரவைத் தொகுதி, சித்தூர் மக்களவைத் தொகுதிக்குள் அடங்குகிறது. 2022-ல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சந்திரகிரி திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. தெலுங்கு பேசும் கிராமத்து மாணவர், எல்லையோரத்துத் தமிழ் மாணவர், வட மாநிலங்களிலிருந்து ஐ.ஐ.டி.க்கு வரும் மாணவர் என அனைவரும் இந்த வட்டாரத்தில் விடுதி வாழ்க்கை நடத்துகின்றனர். தேர்வு, மதிப்பெண், கல்விக் கடன், வேலைவாய்ப்பு என்ற கவலைகள் மட்டும் எல்லா மொழியினருக்கும் பொது.

பயிற்சி என்பது என்ன? மனவிழிப்புப் பயிற்சியின் வேர் பௌத்தத்தின் விபாசனா மரபில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் அதைச் சமயச் சடங்குகளிலிருந்து பிரித்தெடுத்து, 8 வாரப் பயிற்சியாக வகுத்தார். இந்தியாவில் எஸ்.என். கோயங்கா விபாசனா முகாம்களைப் பரப்பினார். தில்லி திகார் சிறையில் 1994-ல் கைதிகள் ஆயிரம் பேர் அளவில் இம்முகாமில் பங்கேற்றது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டது.

பயிற்சி எளிமையானது. அமர்ந்து, மூச்சு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். மனம் அலையும். அலைந்ததை அறிந்தவுடன், தன்னைக் கடிந்துகொள்ளாமல் கவனத்தை மீண்டும் மூச்சுக்குக் கொண்டுவர வேண்டும். நூறு முறை அலைந்தால் நூறு முறை திரும்ப வேண்டும், அதுவே பயிற்சி. தேர்வுக்கு முந்தைய இரவில் 'தோற்றுவிடுவேன்' என்ற எண்ணம் எழும்போது, அது நடந்து முடிந்த உண்மை அல்ல, மனத்தில் வந்துபோகும் ஓர் எண்ணம் மட்டுமே என்று விலகி நின்று பார்க்கும் திறனை இது வளர்க்கிறது.

ஆய்வுகள் சொல்வது: இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017 இறுதியில் வெளியானது. வழக்கமான உதவிகளை மட்டும் பெற்ற மாணவர்களில் 57 சதவீதத்தினருக்குத் தேர்வுக் காலத்தில் மன உளைச்சல் கவலைக்குரிய அளவைத் தாண்டியிருந்தது. அவ்வுதவிகளோடு 8 வார மனவிழிப்புப் பயிற்சியும் பெற்றவர்களிடையே அது 37 சதவீதமாக இருந்தது.

ஆனால், இதே பிரிட்டனில் 8 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு, 2022-ல் வெளியான பெரிய ஆய்வு, வகுப்பறையில் அனைவருக்கும் பொதுவாக இப்பயிற்சியை அளித்ததால் கூடுதல் பலன் காணப்படவில்லை என்று தெரிவித்தது. விரும்பி வந்து பயிலும் பல்கலைக்கழக மாணவருக்கு உதவும் ஒன்று, கட்டாயப் பாடவேளையாகும்போது அதே பலனைத் தரும் என்று கருத முடியாது என்பதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. கடும் மனச்சோர்வில் இருப்போருக்கும், பழைய அதிர்ச்சிகளின் சுமையோடு இருப்போருக்கும் தனித்து அமர்ந்து மனத்தைக் கவனிப்பதே வேதனையை அதிகரிக்கக் கூடும் என்பதால், தேர்ந்த பயிற்றுநரின் துணை அவசியம்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 2013 முதல் எம்.பி.க்களுக்கும் பிரபுக்களுக்கும் மனவிழிப்பு வகுப்புகள் நடத்தப்பட்டன. அனைத்துக் கட்சிக் குழு ஒன்று இது குறித்து விசாரித்து, 2015 அக்டோபரில் அறிக்கையும் வெளியிட்டது. இந்தியாவின் முயற்சியால் ஐ.நா. பொதுச்சபை 2014-ல் ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. ஆண்டுக்கு ஒரு நாள் விழா எடுப்பது எளிது. ஆண்டு முழுவதும் மாணவருக்குத் துணை நிற்கும் ஏற்பாடு செய்வதுதான் கடினம்.

13,044 மரணங்கள்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். விசாகப்பட்டினத்தில் தங்கி 'நீட்' தேர்வுக்குப் படித்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், இந்தப் புள்ளிவிவரத்தைச் சுட்டிக்காட்டிய நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, 2025 ஜூலை 25-ல் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் நியமிக்கப்பட வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் முக்கியமானவை. உரிய சட்டம் இயற்றப்படும்வரை இந்நெறிகள் கட்டுப்படுத்தும் என்றும் நீதிமன்றம் கூறியது.

அதற்கு முன்னர், 2025 மார்ச்சில் வேறொரு வழக்கில், உயர்கல்வி மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது. ராகிங், சாதிப் பாகுபாடு, படிப்புச் சுமை, பணக் கஷ்டம் ஆகியவையும் குழுவின் ஆய்வு வரம்புக்குள் வந்தன. இவை எதுவும் மூச்சைக் கவனிப்பதால் தீரக் கூடியவை அல்ல என்பது குறிப்பிடத்தக்கது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்படும் மாணவரிடம் 'மனத்தை அமைதிப்படுத்து' என்று சொல்வது, குற்றத்தை மறைத்துப் பாதிக்கப்பட்டவரைத் திருத்தும் செயலாகிவிடும்.

மத்தியா, மாநிலமா? பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வி, 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தத்துக்குப் பின் பொதுப் பட்டியலில் உள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. 2022 நவம்பரில் வெளியிடப்பட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, தற்கொலை மரண விகிதத்தை 2030-க்குள் 10 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் மனநலப் பாடத்திட்டத்துக்கு 8 ஆண்டுக் கெடு விதித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2023-ல் மாணவர் நலன் பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

ஆக, நெறிகளுக்குப் பஞ்சமில்லை. திருப்பதி வட்டாரத்தையே எடுத்துக்கொண்டால், ஐ.ஐ.டி. மத்திய அரசின் நிதியை எதிர்பார்க்கிறது. வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் மாநில அரசை எதிர்பார்க்கிறது. தனியார் கல்லூரிகள் மாணவர் கட்டணத்தை நம்பியுள்ளன. ஒரே ஊரில் படித்தாலும், ஆலோசகர் பணியிடத்துக்கு ஊதியம் ஒதுக்க வேண்டியவர்கள் வெவ்வேறானவர்கள். மாணவரின் மொழியில் பேசத் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்பதையும் சேர்த்தால் பொறுப்பு மேலும் விரிகிறது. மன வேதனையை யாரும் இரண்டாவது மொழியில் எளிதில் சொல்லிவிடுவதில்லை.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆனால், தொலைபேசியின் மறுமுனைக் குரல், விடுதியில் அருகிருந்து பார்ப்பவருக்கு மாற்றாகாது.

காலையில் பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கக் கற்ற மாணவர், தேர்வறைக்குள் சற்று நிதானத்துடன் நுழைவார். அது அவருக்குக் கிடைத்த நன்மை. அதை எவரும் மறுக்கத் தேவையில்லை. அந்த நிதானத்தைக் காட்டி, நிரப்பப்படாத பணியிடங்களையும் விசாரிக்கப்படாத புகார்களையும் ஆட்சியாளர்கள் மறந்துவிடக் கூடாது. சட்டம் வரும்வரைதான் தன் நெறிகள் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தச் சட்டத்தை எழுத வேண்டிய இடம் நாடாளுமன்றமே.