கே. பி. சுந்தராம்பாள்: குரலும் உழைப்பும்

கலைஞர் ஒருவரின் வாழ்க்கையைத் தெய்வபக்தியாகவும் துயரக் காதலாகவும் சுருக்கிக் காண்பது எமது கலை வரலாற்றெழுத்தின் நீண்டகால வழக்கமாகும். கே. பி. சுந்தராம்பாள் (1908–1980) இவ்வழக்கிற்குப் பெரிதும் ஆளானவர். வெண்ணிற ஆடையுடன் தோன்றும் ஔவையார் உருவமே பலர் நினைவில் எஞ்சியுள்ளது. அவ்வுருவத்தின் பின்னே தமது குரலை விற்று வாழ்ந்த ஓர் உழைப்பாளி நிற்கின்றார் என்பதையே இங்கு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

கொடுமுடியில் வறிய குடும்பத்திற் பிறந்த அவர், சிறுவயதிற் புகைவண்டியிற் பாடிக் காசு பெற்று, பின்னர் வேலு நாயரின் நாடகக் குழுவிற் சேர்ந்தார். அமெரிக்காவின் சட்டனூகா நகர வீதிகளிற் பாடிக் காசு பெற்ற கறுப்பினச் சிறுமி பெஸி சிமித்தும் (1894–1937) இவ்வாறே கூடார மேடைகளினூடாக வளர்ந்து, 1923இல் இசைத்தட்டிற் பாடி, புளூஸ் இசையின் பெருங்குரலானார். இருவரது இசை மரபுகளும் வேறானவை. ஆயினும், நிலமோ கல்வியோ அற்ற குடும்பத்துப் பெண்ணுக்குக் குரலே விற்கத்தக்க உழைப்புச் சக்தியாக அமைந்த சமூகநிலை இருவருக்கும் பொதுவானதாகும்.

ஸ்பெஷல் நாடக முறையில் நடிகர் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு ஓரிரவு மேடைக்காகக் கூடுவர். ஒலிபெருக்கியற்ற கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய உச்சக்குரல் அத்தொழிலின் இன்றியமையாத் தேவையாகும். துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளில் தமிழ்த் தொழிலாளரும் வணிகரும் செறிந்து வாழ்ந்த கொழும்பு, இக்கலைஞர்க்கு முக்கிய சந்தையாயிற்று. 1926இல் இங்குதான் அவர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையில் இணைந்தார். விதியின் கூட்டுறவெனப் போற்றப்படும் இச்சந்திப்பு, தொழிலாளரைக் கடல் கடந்து கொணர்ந்த பொருளாதாரப் பாதையிலேயே நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1933இல் கிட்டப்பா காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் வெள்ளாடை பூண்டு, ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதைத் தவிர்த்தார். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண்வேடமேற்று நந்தனாராக நடிக்க ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்றார். ஆண்டையிடம் விடுப்புக் கேட்டு இறைஞ்சும் பண்ணையாளின் பாத்திரம், அக்காலத்தின் மிகவுயர்ந்த ஊதியங்களுள் ஒன்றை ஈட்டித் தந்தது. முதலாளித்துவக் கலைச்சந்தையின் முரண்பாடு இதனிலும் தெளிவாக வெளிப்படுதல் அரிது. நிலமானிய உறவின் துயரத்தை அது பண்டமாக்கிற்று. அதேவேளை, அப்பெண்ணுக்குக் குடும்ப அமைப்பு வழங்காத பொருளாதாரச் சுதந்திரத்தையும் வழங்கிற்று.

பின்னர் ‘ஔவையார்’ (1953), ‘துணைவன்’ படப் பாடலுக்கான தேசிய விருது, 1970இல் பத்மஸ்ரீ, சென்னைச் சட்ட மேலவை உறுப்புரிமை என மதிப்புகள் தொடர்ந்தன. ஆனால் அம்மதிப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது. மேடைப் பெண்ணை ஐயுற்று நோக்கிய சமூகம், அவர் துறவியின் சாயலைப் பெற்ற பின்னரே அவரை முழுமனதுடன் ஏற்றது. பெஸி சிமித்தின் கல்லறைக்கோ 1970 வரை நடுகல்தானும் இருக்கவில்லை. ஒருவர் புறக்கணிப்பாலும், மற்றவர் புனிதமாக்கலாலும் தம் உழைப்பின் வரலாற்றினின்று பிரிக்கப்பட்டனர்.

எனவே, சுந்தராம்பாளின் மரபைப் பேணுதல் என்பது அவரது பாடல்களைப் போற்றுவதுடன் அமையாது. கொட்டாஞ்சேனைக் கொட்டகைகளில் நுழைவுச்சீட்டு வாங்கிய துறைமுகத் தொழிலாளியையும், இசைத்தட்டு வணிகரையும், பெயரறியாப் பக்கவாத்தியக்காரரையும் அவ்வரலாற்றினுள் மீண்டும் கொண்டுவருதல் வேண்டும். கொழும்பின் தமிழாய்வாளருக்கு இது அயல்நாட்டு வரலாறன்று. எமது நகரின் உழைக்கும் மக்களது பண்பாட்டு வரலாற்றின் ஒரு கூறேயாகும்.