கேட்ட விடையும் சீட்டில் வந்த விடையும்

பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டு வகையாக வகுத்தார். ‘இதைச் செய்வாயா?’ என்று கேட்டவனிடம் ‘நீயே செய்’ என்று திருப்பி ஏவுவதும் அவர் கணக்கில் ஒரு விடைதான். எஸ்கியூஎல் சர்வர் என்னும் தரவுத்தள மென்பொருளில் ஒரு ஸ்டோர்ட் ப்ரொசீஜர் விடை தருவதற்கு மூன்றே வழி. அந்த மூன்றைப் பிரித்தறியாமல் 2009 தீபாவளிச் சமயத்தில் தாராவிக் கடையில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாத்திரக் கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்பீர்கள். பணம் போன பிறகு படித்த பாடம், அதனால் மறக்கவில்லை.

தரவுத்தளம் என்பது பேரேடுகள் அடுக்கிய அறை. அடிக்கடி செய்யும் கணக்கை ஒருமுறை எழுதி அங்கேயே வைத்துவிட்டு, வேண்டும்போது பெயர் சொல்லி ஏவலாம். அப்படி வைப்பதில் ஃபங்ஷன் ஒன்று, ப்ரொசீஜர் ஒன்று. பார்வைக்கு அண்ணன் தம்பி, குணம் வேறு.

செம்பூர் கிடங்குக்கு ஃபோன் போட்டு, “தம்பி, அஞ்சு லிட்டர் குக்கர் என்ன விலை?” என்கிறேன். கேட்டதற்கு விடை வருகிறது; அங்கே ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை. இது ஃபங்ஷன். அதன் விடை ஒரு மதிப்பாகவோ ஒரு பட்டியலாகவோ இருக்கும். செலெக்ட் வாக்கியத்தின் நடுவிலேயே அதை வைத்துக் கணக்குப் போடலாம். ஆனால் பேரேட்டைத் திருத்த அதற்கு உரிமை கிடையாது, அவுட்புட் பாராமீட்டரும் கிடையாது.

ப்ரொசீஜர் என்பது கடைப் பையனிடம் சீட்டு கொடுத்து அனுப்புகிற மாதிரி. சீட்டின் மேலே வாடிக்கையாளர் பெயரும் சரக்கு விவரமும் எழுதுகிறேன். கீழே ‘ஒதுக்கீட்டு எண்’, ‘மீதிக் கடன் வரம்பு’ என்று இரண்டு காலிக் கட்டம். பையன் போய்ச் சரக்கை ஒதுக்குவான், பேரேட்டில் எழுதுவான், கட்டங்களை நிரப்பிக்கொண்டு திரும்புவான். அந்தக் காலிக் கட்டந்தான் அவுட்புட் பாராமீட்டர். போகும்போதே அதில் ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் உள்ளே போய்ச் சேரும்.

இங்கேதான் குழி. ‘அவுட்புட்’ என்ற சொல்லை ப்ரொசீஜர் எழுதும் இடத்திலும் எழுத வேண்டும், ஏவும் இடத்திலும் எழுத வேண்டும், அதுவும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக. ஏவும்போது விட்டுவிட்டால் பையன் கையில் போவது சீட்டின் ஜெராக்ஸ். கிடங்கில் அதை ஒழுங்காகத்தான் நிரப்புவார்கள். நம் கையிலுள்ள அசல் அப்படியே காலி. தவறு என்று ஒரு செய்திகூட வராது!

எங்கள் புரோகிராமை எழுதிய அண்ணன் மகன், ஒதுக்கீட்டு எண்ணுக்கு அந்தச் சொல்லைப் போட்டான், கடன் வரம்புக்கு மறந்துவிட்டான். எண் சரியாக வந்ததால் யாருக்கும் சந்தேகமில்லை. வரம்பு ‘நல்’லாக நின்றது. அது பூஜ்யமல்ல, ‘தெரியாது’ என்று பொருள். ‘வரம்பு பில் தொகையைவிடக் குறைவென்றால் நிறுத்து’ என்பது அடுத்த வரி. தெரியாத ஒன்று குறைவா என்றால் அதற்கும் விடை ‘தெரியாது’தான். குறைவு என்று உறுதியாகாததால் நிறுத்தவே இல்லை. வரம்பு தாண்டிய அத்தனை பேருக்கும் நாலு நாள் சரக்கு போயிற்று! பொங்கல் வரை நடந்து வசூலித்தோம். இரண்டு பேர் பாக்கி இன்னும் பேரேட்டில் நிற்கிறது.

பையன் பதறிப்போய், வரம்பை ‘ரிட்டர்ன்’ வழியாகவே அனுப்பிப் பார்த்தான். பைசாவெல்லாம் காணோம். ப்ரொசீஜரின் ரிட்டர்ன் முழு எண்ணை மட்டுமே சுமக்கும்; வேலை முடிந்ததா என்று சொல்வதற்கு அது, 0 என்றால் சுபம் என்பது வழக்கம். மூன்றாவது வழி, வரிசை வரிசையாக வரும் பட்டியல். பட்டியலும் கட்டமும் சேர்ந்து வந்தால் டாட்நெட் புரோகிராமில் பட்டியலை வாசித்து மூடிய பிறகே கட்டத்தைப் பார்க்க வேண்டும். வண்டியில் சரக்கு இறங்கி முடிந்த பின்தானே டிரைவர் சீட்டை நீட்டுவார்!

எல்லா ஊரிலும் சட்டம் ஒன்றல்ல. மைஎஸ்கியூஎல்லில் ஃபங்ஷனுக்கு அவுட் கிடையாது. ஆரக்கிள் அனுமதிக்கும், ஆனால் அப்படிப்பட்ட ஃபங்ஷனை செலெக்டுக்குள் அழைக்க முடியாது. போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷனுக்கு 2005-லேயே அவுட் வந்துவிட்டது. ப்ரொசீஜரே 2018-ல்தான் வந்தது, அதற்கு அவுட் கிடைத்தது 2021-ல்.

எங்கள் கடையில் விட்டுப்போன அந்த ஒரு சொல்லைச் சேர்த்தோம். கூடவே, வரம்பு ‘நல்’ என்றால் பில்லே போடாதே என்று ஒரு வரியும்.