பெயரும் காலமும்: குழந்தைகளின் 'பைபோலார்' குறித்து

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் கூட்டத்தில் ஃபூக்கோ பற்றிப் பேசினேன். 'பைத்தியம்' என்பது மருத்துவச் சொல்லாடல் கட்டமைத்த ஒன்று என்று வழக்கம்போல முடித்தேன். வெளியே டீ குடிக்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்ப எம் பையனுக்கு மாத்திரைய நிறுத்திடலாமா தோழர்? பதினாறு வயசு. பைபோலார்னு சொல்லியிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கேள்வியை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

இருதுருவக் கோளாறு என்பதன் இலக்கணத்தில் மையமாக இருப்பது காலம். மேனியா என்றால் பொதுவாக ஒரு வாரமாவது அந்த ஆள் தன் வழக்கமான இயல்பிலிருந்து விலகியிருக்க வேண்டும்: அளவுமீறிய களிப்பு அல்லது எரிச்சல், மூன்று மணிநேரம் தூங்கினாலே போதும் என்றிருப்பது, நிறுத்தமுடியாத பேச்சு, தன்னால் ஆகாதது எதுவுமில்லை என்ற எண்ணம். பிறகு அது வடியும். வருவதும் போவதுமான இந்தக் கட்டங்களே நோயின் அடையாளம்.

1990களின் நடுவில் அமெரிக்காவில் இந்த இலக்கணம் தளர்ந்தது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜோசப் பீடர்மேனும் அவரது குழுவினரும், குழந்தைகளிடம் மேனியா கட்டங்களாக வருவதில்லை, ஓயாத கடும் எரிச்சலும் ஆவேச வெடிப்புமே அதன் வடிவம் என்று வாதிட்டார்கள். காலம் கழன்றுகொண்டது, எரிச்சல் மட்டும் மிஞ்சியது. விளைவு? 0–19 வயதினர் ஒரு லட்சம் பேருக்கு, இந்த நோய்க்குறிப்புடன் பதிவான மருத்துவர் சந்திப்புகள் 1994–95இல் 25. 2002–03இல் 1,003. எட்டே ஆண்டுகளில் நாற்பது மடங்கு! நோய் இப்படிப் பெருகாது. பெயரின் எல்லைதான் பெருகியது.

பீடர்மேன் 2000–2007க்குள் மருந்து நிறுவனங்களிடமிருந்து குறைந்தது 16 லட்சம் டாலர் பெற்றதும், அதில் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகத்திடம் தெரிவிக்காததும் 2008இல் செனட்டர் சார்ல்ஸ் கிராஸ்லியின் விசாரணையில் வெளிவந்தது. ஆனால் 'எல்லாம் மருந்துக் கம்பெனி சதி' என்று முடித்துவிடுவது நம் சோம்பேறித்தனம். நோய்க்குப் பெயர் இருந்தால்தான் காப்பீடு பணம் தரும். 'வளர்ப்பு சரியில்லை' என்று ஏச்சு வாங்கிய தாய்க்கு அந்தப் பெயர் ஒரு விடுதலை. அதிகாரம் இப்படி ஆறுதலாகவும் வேலை செய்கிறது.

எதிர்ப்பு மனநல மருத்துவத்தின் உள்ளிருந்தே வந்தது. 2006இல் பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டுதல், பருவமடையாத குழந்தைகளிடம் எரிச்சலை முதன்மை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது, களிப்புநிலை இருந்தாக வேண்டும் என்றது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் எலன் லைபென்லுஃப்ட் குழுவினரின் ஆய்வுகள், ஓயாத எரிச்சலுள்ள குழந்தைகள் வளர்ந்தபின் மேனியாவைவிட மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமே அதிகம் ஆளாகிறார்கள் என்று காட்டின. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 அவர்களுக்காக வேறொரு பெயரை உருவாக்கியது. ஒரு பெயரை விலக்க இன்னொரு பெயர் தேவைப்பட்டது என்பது தனியே யோசிக்க வேண்டிய விஷயம்.

இங்கேதான் நம்மவர்கள் வழுக்குகிறோம். எல்லை கட்டமைக்கப்பட்டது என்பதால் எல்லைக்குள் இருக்கும் துயரம் பொய்யாகிவிடாது. வளரிளம் பருவத்தில் உண்மையிலேயே மேனியா தொடங்குகிறது. பலருக்கு அது முதலில் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும்; அப்போது சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா கிளம்பிவிடும். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். கவனிக்காமல் விட்டால் தற்கொலை ஆபத்து அதிகம். மிகை நோய்க்குறிப்பைப் போலவே தவறவிட்ட நோய்க்குறிப்பும் வன்முறைதான்.

நண்பரிடம் மறுநாள் போனில் பேசினேன். நாலு ராத்திரி பையன் தூங்கவே இல்லையாம். விடிய விடியப் பேச்சு. அடுத்த மாதம் படுக்கையைவிட்டு எழவில்லை.

"நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட போய்க் கேளுங்க," என்றேன். "எப்ப ஆரம்பிச்சுது, எத்தனை நாள் இருந்துச்சு, நடுவுல பையன் பழைய பையனா இருந்தானா — இதெல்லாம் கேட்டுத்தான் அந்தப் பேர வெச்சாங்களான்னு."

கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதும் இதைத்தான். பெயரை மறுப்பது சுலபம். அது எப்படி வைக்கப்பட்டது என்று மருத்துவர் எதிரில் உட்கார்ந்து கேட்பதுதான் விமர்சனம்.