குருதியிற் புற்றுக் கலங்கள்: சுவாசப்பைப் புற்றுநோயை முற்கூட்டி அறிதல் பற்றிய ஒரு நோக்கு

மனித உறுப்புக்களுள் சுவாசப்பையைப் போல் நோயை மறைத்துவைப்பன சிலவே. அதன் உட்பகுதியில் நோவை உணர்த்தும் நரம்புகள் இல்லை. ஆதலின், அங்கே நெல்மணி அளவில் தோன்றிய புற்று ஒரு தேசிக்காய் அளவுக்குப் பருக்கும் வரையிலும் அதனை உடையவர் யாதொரு துன்பமுமின்றித் தம் தொழிலைச் செய்துகொண்டிருத்தல் கூடும். இருமல் தோன்றிய பின்னரும் ஐயம் எழுவது அரிது. கல்முனை முதல் அக்கரைப்பற்று ஈறாகவுள்ள அம்பாறைக் கரையோர ஊர்களையும் அவற்றை அடுத்த வயலூர்களையும் எடுத்துக்கொண்டால், நிந்தவூர்க் கடற்றொழிலாளர் தம் இருமலைக் கடற்காற்றின்மேல் ஏற்றுவர். மருதமுனை நெசவாளர் பஞ்சின்மேல் ஏற்றுவர். சம்மாந்துறை அரிசி ஆலையிற் பணிபுரிவோர் உமித்தூசியின்மேல் ஏற்றுவர். பீடியும் சுருட்டும் புகைப்பவரோ தம் இருமலை ஓர் இருமலாகவே எண்ணார். சளியைச் சோதித்துக் காசநோய் இல்லையென்று அறிந்த அன்றே பலருக்குக் கவலை தீர்ந்துவிடுகின்றது.

இந்நோயிற் காலந் தாழ்த்தலின் விலை பெரிது. மேலைநாட்டுக் கணக்குகளின்படி, புற்று மிகச் சிறிதாய் ஓரிடத்தே அடங்கியிருக்கும்போது அறுவைச் சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். பிற உறுப்புக்களுக்குப் பரவிய பின்னர்க் கண்டறியப்பட்டவருள் அவ்வாறு வாழ்வோர் நூற்றுக்குப் பத்துப் பேருமில்லை. ஆகவே, நெஞ்சில் நோவு தோன்றுமுன், ஒரு சிறு குருதிச் சோதனையால் இதனை அறிய இயலுமா என்னும் வினா இயல்பாக எழுகின்றது. நீரிழிவுக்கும் கொழுப்புக்கும் அடிக்கடி குருதி கொடுத்துப் பழகிய மக்களிடையே, ‘குருதியில் ஒன்றுமில்லை’ என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. புற்றுநோயிலும் அச்சொல்லுக்கு அம்மதிப்பைத் தரலாமா என்பதே ஆராயத்தக்கது.

புற்றுக் கலங்கள் குருதியில் உலவுகின்றன என்பது புதிய செய்தியன்று. 1869ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகர வைத்தியசாலையில் பணியாற்றிய தோமஸ் அஷ்வேர்த் என்பார், புற்றுநோயால் இறந்த ஒருவரின் உடலைச் சோதித்தார். அம்மனிதரின் மார்பிலும் வயிற்றிலும் தோலின்கீழ் முப்பது அளவிலான கட்டிகள் இருந்தன. அஷ்வேர்த் அவருடைய காலின் நாளத்திலிருந்து குருதி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது, கட்டிகளிற் கண்ட அதே உருவுடைய கலங்களை அக்குருதியிலும் கண்டார். மார்பிற் பிறந்த கலம் காலின் நாளத்தை அடைய வேண்டுமாயின், அது குருதிச் சுற்றோட்டத்தின் பெரும்பகுதியைக் கடந்திருத்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட முடிபு. இருபது ஆண்டுகளின் பின், 1889இல், இங்கிலாந்தின் ஸ்டீபன் பாஜெற் மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புக்களை ஆராய்ந்து, புற்று எவ்வுறுப்பிலும் கண்டபடி முளைப்பதில்லை என்று காட்டினார். விதை எங்கும் தூவப்படினும் ஏற்ற மண்ணிலன்றி முளைப்பதில்லை என்னும் அவருடைய உவமை, வயல் சூழ்ந்த நம் கரையோரத்தார்க்கு விளக்கம் வேண்டாதது.

அஷ்வேர்த் கண்டது நோய் முற்றி இறந்தவரின் குருதி. நோயின் தொடக்கத்தில் அக்கலங்களைத் தேடுவதோ முற்றும் வேறான காரியம். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஏறக்குறைய 500 கோடிச் செங்குழியங்களும் பல இலட்சம் வெண்குழியங்களும் உள. புற்று பரவிய நோயாளியிடத்தும் அவற்றினிடையே புற்றுக் கலம் ஒன்றோ சிலவோதான் காணப்படும். இவற்றைப் பிரித்தெடுக்க இரு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று வலைக்கண் முறை. கரைவலை இழுப்போர் மீனின் பருமனறிந்து கண் அமைப்பது போல, 8 மைக்கிரோமீற்றர் அளவான துளைகளையுடைய மென்றகட்டின் வழியே குருதியைச் செலுத்துவர். வளைந்து கொடுக்கும் செங்குழியங்கள் வழுவிச் செல்ல, பருத்த புற்றுக் கலங்கள் தங்கிவிடும். மற்றையது காந்த முறை. உறுப்புக்களின் மேலணியிற் பிறந்த கலங்களில், ஒன்றோடொன்று ஒட்டிநிற்க உதவும் ஒருவகைப் புரதம் உண்டு. குருதிக் குழியங்களில் அஃது இல்லை. அப்புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரியை நுண்ணிய இரும்புத் துகள்களிற் பூசிக் குருதியிலிட்டுக் காந்தத்தால் இழுப்பர். இம்முறையில் அமைந்த ஒரு கருவிக்கு 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. 7.5 மில்லிலீற்றர் குருதியில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கலங்கள் இருப்பின், பரவிய மார்பகப் புற்றுடையோரின் ஆயுள் குறுகும் என்று அதே ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டிற்று. 2007இல் பொஸ்ரன் நகரில் சுனிதா நாக்ரத்தும் அவருடன் உழைத்தோரும் 78,000 நுண்தூண்கள் நிறைந்த ஒரு சிறு தகட்டின்வழிக் குருதியை ஓடவிட்டு, சுவாசப்பை உள்ளிட்ட உறுப்புக்களிற் புற்றுடையோரின் 116 மாதிரிகளுள் 115இல் அக்கலங்களைப் பிடித்தனர். எனினும் அம்மாதிரிகளுட் பெரும்பாலானவை நோய் பரவியோருடையவை என்பதை மறத்தலாகாது.

தொடக்க நோயில் நேரும் இடர்ப்பாட்டை ஓர் எளிய கணக்கால் உணரலாம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. சோதனைக்கு எடுப்பது 10 மில்லிலீற்றர்; அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. ஒரு சிறிய புற்று உதிர்த்த கலங்கள் முழுக் குருதியிலும் நூறு எனக் கொள்வோம். அவ்வாறாயின் ஐந்து முறை குருதி எடுத்தால் சராசரியாக ஒரு கலமே கிடைக்கும். நூறு முறை எடுப்பின் எண்பதுக்கு மேற்பட்ட முறை ஒன்றும் அகப்படாது. கருவியிற் பிழையில்லை, பிடிப்பதற்கு அக்கலம் அவ்வூசியினுள் வரவேயில்லை. மேலும் அக்கலங்கள் குருதியில் நெடிது வாழ்வனவுமல்ல. சில மணி நேரத்தில் பெரும்பாலானவை அழிகின்றன. சில கலங்கள் பரவத் தொடங்கும்போதே ஒட்டும் புரதத்தைக் களைந்துவிடுதலால் காந்த முறைக்கும் தப்பிவிடுகின்றன.

சுவாசப்பைக்கே உரிய தடை இன்னொன்று உண்டு. அங்கிருந்து புறப்படும் குருதி சுவாசப்பை நாளத்தின் வழியே இதயத்தின் இடப்பக்கத்தை அடைந்து, உடலெங்கும் பகிரப்பட்டு, மயிர்த்துளைக்குழாய்களைக் கடந்த பின்னரே கையின் நாளத்துக்கு வருகின்றது. பருத்த கலங்கள் அக்குறுகிய குழாய்களிற் சிக்கிக்கொள்ளும். ஊற்றிற் கலந்ததைக் கழிமுகத்திலே தேடுவது போன்றது இது. 2019இல் வெளிவந்த ஆங்கில நாட்டு ஆய்வொன்றில், தொடக்க நிலைச் சுவாசப்பைப் புற்றுடைய 100 பேருக்கு அறுவை நிகழும்போதே சுவாசப்பை நாளத்திலிருந்து குருதி எடுக்கப்பட்டது. அவருள் 48 பேரிடம் அக்கலங்கள் காணப்பட்டன. கலங்கள் மிகுந்தோரிடம் நோய் மீளவும் தோன்றுதல் மிகுந்தது. ஒருவரிடம் 10 மாதத்தின் பின் வேறிடத்தில் முளைத்த புற்றின் பரம்பரையலகு விகாரங்கள், முதற் கட்டியினும் அந்நாளத்துக் கலங்களையே நெருங்கி ஒத்திருந்தன. விதை, அறுவைக்கு முன்னரே புறப்பட்டுவிட்டது என்பதற்கு இது தக்க சான்று. ஆயினும் நோய் உண்டோ என்று ஐயுற்று வருவோரின் சுவாசப்பை நாளத்தை யாரும் துளைத்துப் பார்க்கவியலாது.

கையின் குருதியே போதும் என்ற நம்பிக்கையைப் பெரிதும் வளர்த்தது பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரில் நிகழ்ந்த ஆய்வு. நாட்பட்ட சுவாசத் தடை நோயுடைய 168 பேரை அங்குள்ள ஆய்வாளர் வலைக்கண் முறையிற் சோதித்தனர். ஐவரிடம் புற்றையொத்த கலங்கள் காணப்பட்டன. அப்போது அவர்தம் ஸ்கேன் படங்களிற் புற்று இல்லை. ஆண்டுதோறும் படமெடுத்துவர, ஒன்று முதல் நான்கு ஆண்டுகளில் ஐவருக்கும் சிறு கட்டி தோன்றிற்று. ஐவரும் தொடக்க நிலையிலேயே அறுவை செய்யப்பட்டனர். 2014இல் இச்செய்தி வெளிவந்தபோது உலகெங்கும் வியப்பு எழுந்தது. ஆனால் ஐவர் என்பது சிறு தொகை. அதே முறையைப் பிரான்சின் 21 நிலையங்களில் 614 பேரிடம் கையாண்ட பெரிய ஆய்வின் முடிபு 2020இல் வந்தது. புற்றுடையோருள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவரையே குருதிச் சோதனை காட்டிற்று. மூவரைக் காட்டாது விட்டது. நோய் தேடும் சோதனையாக இது தக்கதன்று என்று அவ்வாய்வாளரே எழுதினர். தாம் வளர்த்த நம்பிக்கையைத் தாமே அளந்து பார்த்துக் குறைத்துரைத்தமை பாராட்டத்தக்கது.

இத்தகைய சோதனைகளை இந்தியாவிலும் பிற நாடுகளிலும் தனியார் ஆய்வுகூடங்கள் சில விலைக்கு அளிக்கின்றன. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் இஃது வழமையான சோதனையன்று. புற்று எனத் துணியப்பட்டவரிடம் குருதியின் பயன் வேறு. அங்கே உதிர்ந்த கலத்தையோ அதன் பரம்பரையலகுத் துணுக்கையோ கொண்டு ஏற்ற மருந்தைத் தெரியலாம். 2016 முதல் அமெரிக்காவில் அத்தகைய சோதனையொன்று சுவாசப்பைப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றுள்ளது.

முற்கூட்டி அறிதலில் உயிர்காத்தது எனப் பெரிய ஆய்வுகளால் நிறுவப்பட்டது குறைந்த கதிரளவிலான சி.ரி. ஸ்கேன் படமே. மிகுதியாகப் புகைத்தோர் 53,454 பேரிடம் அமெரிக்காவில் நிகழ்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், சாதாரண நெஞ்சுப் படம் எடுத்தோரினும் ஸ்கேன் எடுத்தோரிடம் சுவாசப்பைப் புற்றால் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 20 குறைந்தது. அதற்கும் குறையுண்டு: ஐயத்துக்குரியவை என அது காட்டிய நிழல்களுள் நூற்றுக்கு 96 புற்றல்ல. அந்நிழல்களை வேறுபிரித்தறிவதிற் குருதிச் சோதனை ஒருநாள் துணையாகலாம் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் எதிர்பார்ப்பு.

கல்முனைக் கரையில் மூன்று வாரம் கடந்தும் தணியாத இருமலோ, சளியிற் குருதியோ, காரணமற்ற மெலிவோ உடையவர்க்கு முதல் வழி அருகிலேயே உண்டு: கல்முனையின் மார்புச் சிகிச்சை நிலையமும், அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும். அங்கெடுக்கும் நெஞ்சுப் படம் தெளிவாக இருப்பினும், இதயத்தின் பின்னும் விலாவெலும்பின் பின்னும் சிறு கட்டி மறைந்துநிற்றல் கூடுமாதலின், புகைத்தவரின் இருமல் நீடித்தால் வைத்தியர் ஸ்கேனுக்கு அனுப்புவர். அதன்பின் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, 300 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வெலிசறைக்கோ மகரகமவுக்கோ செல்லவேண்டி வரலாம். அங்கே ஊசியினாலோ சுவாசக் குழாய்வழிச் செலுத்தும் கருவியினாலோ ஒரு சிறு துண்டு இழையம் எடுக்கப்படும். அஷ்வேர்த் செய்தது போலவே அதனை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்த பின்னரே, புற்று உண்டு அல்லது இல்லை என்று வைத்தியர் எழுதுவர்.