துடிப்பு மாறும்போது...

மாணவர்களே, கணிப்பொறிக்குள் ஒரு கடிகாரம் உண்டு. அது மணி காட்டாது. சீராக மின்துடிப்புகளை அனுப்பும். வேலை குறைந்த நேரத்தில் துடிப்பைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் ஒரே துடிப்பைப் பல உறுப்புகள் நம்பியிருக்கின்றனவே!

எழுத்துகளை ஒவ்வொரு பிட்டாக வெளியே அனுப்பும் சீரியல் போர்ட்டை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 18,43,200 துடிப்புகளை 192ஆல் வகுத்து, அது 9,600 பிட்டுகளை அனுப்புகிறது. துடிப்பு பாதியானால் 4,800 பிட்டுகளே போகும்; மறுமுனையில் எழுத்துகள் உருக்குலையும்.

இதைத் தடுப்பது எப்படி? லினக்ஸ் இயக்கமுறைமையின் கருவாகிய கெர்னலில் 2012இல் ஒரு பொது ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதன்படி, அறிவிப்புக் கோரியுள்ள உறுப்புகளின் நிரல்களுக்கு, "துடிப்பை மாற்றப் போகிறேன்" என்று முன்னதாகவே தெரிவிக்கப்படும். ஒரு நிரல் மறுத்தாலும் மாற்றம் கைவிடப்படும். மாற்றம் நடந்தபின் மறுபடியும் அறிவிப்பு வரும். உடனே போர்ட்டின் நிரல் வகுக்கும் எண்ணை 96 ஆக்கிவிடும்.

9,21,600ஐ 96ஆல் வகுத்துப் பாருங்கள், விடை தெரியும்!